ஸ்கேனிங் பேக்கில் எடுத்த படத்தில் வரிப்பட்டை, நெளிவு, நிற விளிம்பு: எது எதனால் வருகிறது?

நாலுக்கைந்து எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக 4×5 அங்குலக் கேமராவில் ஃபிலிம் மட்டுமே இட்டுப் படமெடுத்து வந்த நான், ஒருவர் பயன்படுத்தி வைத்திருந்த ஸ்கேனிங் பேக் (கேமராவின் பின்புறம் செருகி, படத்தை வரி வரியாக வருடி எடுக்கும் டிஜிட்டல் கருவி) ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். ஃபிலிம் ஹோல்டர் நுழையும் அதே இடத்தில் இதுவும் நுழைகிறது. உள்ளே 72 மி.மீ. நீளமுள்ள மூவரி சி.சி.டி. சென்சார் இருக்கிறது. அது வரிக்கு 8000 பிக்சல் வீதம், 96 மி.மீ. தூரம் நகர்ந்து, 10,666 வரிகளை எடுக்கிறது. ஒரு பிக்சலின் அளவு 9 மைக்ரான்.

சுமார் 90 செ.மீ. அகலமுள்ள பழைய நிலவரைபடங்களைப் படமெடுத்து வைப்பதற்காகவே இதை வாங்கினேன். கணக்குப்படி அங்குலத்துக்கு 300 பிக்சல் கிடைக்க வேண்டும், கிடைக்கவும் செய்கிறது. ஆனால் முதல் பத்துப் படங்களிலும் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, வெற்றுத்தாள் பகுதியை முழு அளவில் பார்த்தால் மெல்லிய வரிப்பட்டைகள் சீராகத் தெரிகின்றன. இரண்டாவது, வரைபடத்தின் எல்லைக்கோடுகள் சில இடங்களில் மட்டும் இரம்பப் பல்லைப் போல நெளிகின்றன. மூன்றாவது, எழுத்துகளின் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலப்பச்சையும் எட்டிப் பார்க்கின்றன. இது படத்தின் மேல் விளிம்பில் மிகுதியாகவும் கீழே அறவே இல்லாமலும் இருக்கிறது. இரண்டு எல்.இ.டி. விளக்குகள், 210 மி.மீ. லென்ஸ், எஃப்/22 துளை (எண் பெரிதானால் துளை சிறிது) என்பதே என் அமைப்பு. பேக் பழுதா, நான் பழுதா என்று தெரியவில்லை.

மூவரி எழுதியது:

பேக்கில் பழுது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஃபிலிம் பழக்கத்தோடு இதற்குள் வருபவர்கள் எல்லோரும் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டிய எண்ணம் ஒன்று உண்டு. ஃபிலிமில் படம் முழுவதும் ஒரே கணத்துக்கு உரியது. இங்கே படத்தின் ஒவ்வொரு வரியும் வேறொரு கணத்துக்கு உரியது. இடப்பக்க விளிம்புக்கும் வலப்பக்க விளிம்புக்கும் நடுவே பல நிமிடங்கள் ஓடியிருக்கும். விளக்கின் ஒளி அந்த நிமிடங்களில் ஏறி இறங்கினால் அது பட்டையாகப் பதியும், கேமரா அசைந்தால் நெளிவாகப் பதியும். ஆகவே வரி எண்ணைப் பார்த்தால் குறை எந்த நொடியில் நேர்ந்தது என்பதைச் சொல்லிவிடலாம். இந்த வசதி ஃபிலிமில் கிடையாது.

இன்னொன்று. சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வரிசைகள் சிறிது இடைவெளி விட்டு அமைந்திருக்கின்றன. பொருளின் ஒரே புள்ளியை மூன்றும் அடுத்தடுத்த கணங்களில் பார்க்கின்றன. மென்பொருள் பிறகு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. சாதாரண டிஜிட்டல் கேமராவைப் போல இல்லாத நிறத்தைப் பக்கத்துப் பிக்சலிடமிருந்து ஊகித்து நிரப்பும் வேலை இதில் இல்லை. நிலவரைபடத்தின் நுண்கோடுகளில் நிறச்சிதறல் வராமைக்கு அதுதான் காரணம். அசையும் பொருளின் ஓரத்தில் நிறம் பிரிவதற்கும் அதே அமைப்புதான் காரணம்.

மூன்று செய்திகள் வேண்டும். வரிக்கான நேரம் என்ன வைத்தீர்கள்? பட்டைகள் எத்தனை வரிக்கு ஒருமுறை திரும்புகின்றன? நெளிவு எந்த எந்த வரி எண்ணில் இருக்கிறது?

நாலுக்கைந்து எழுதியது:

பொறுமையாக எண்ணிப் பார்த்தேன். வரி நேரம் 1/30 நொடி. ஒரு படத்துக்கு ஏறத்தாழ ஆறு நிமிடம் ஆகிறது. பட்டை மூன்று வரிக்கு ஒருமுறை திரும்புகிறது. நெளிவு தொடக்கத்தில் சுமார் 200 வரிகள் வரைக்கும் இருந்து, மெல்லத் தேய்ந்து மறைகிறது. பிறகு 5400ஆம் வரியை ஒட்டி மறுபடியும் வருகிறது. விளக்குகள் மின்னிணைப்பில் நேரடியாக ஓடுபவை. எங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

மூவரி எழுதியது:

அப்படியானால் பட்டையின் கதை முடிந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் மலிவான விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/30 நொடிக்குள் அந்தத் துடிப்பு மூன்றே கால் அல்லது மூன்றரை என்று அல்ல, சரியாக மூன்றும் மூன்றில் ஒரு பங்குமாக விழுகிறது. எஞ்சிய அந்த மூன்றில் ஒரு பங்குதான் வரிக்கு வரி இடம் மாறி, மூன்று வரிக்கு ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்புகிறது. நீங்கள் எண்ணிச் சொன்னதும் மூன்று.

வரி நேரத்துக்குள் துடிப்புகள் முழு எண்ணிக்கையில் அடங்கினால் எல்லா வரிக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும். 1/20 நொடியில் ஐந்து துடிப்பு, 1/50இல் இரண்டு, 1/100இல் ஒன்று. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ளவர்களுக்குத் துடிப்பு 120 என்பதால் அவர்களுக்கு 1/30, 1/60, 1/120 ஆகியவை ஒத்துவரும். பட்டை சாம்பலாக இருக்குமா, நிறத்தோடு இருக்குமா என்பது சென்சாரின் வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் துடிப்போடு எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே நிறம் கண்டு மிரள வேண்டாம்.

நெளிவுக்கும் நேரக்கணக்கே விடை சொல்லும். 200 வரி என்பது ஏறத்தாழ ஏழு நொடி. ஸ்கேனைத் தொடங்கக் கணினியைத் தொட்டபோது ஏற்பட்ட அதிர்வு அடங்குவதற்கு ஆன நேரமாக இருக்கலாம். 5400ஆம் வரி என்பது சரியாக மூன்றாம் நிமிட முடிவு. அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

நாலுக்கைந்து எழுதியது:

எழுந்து போய் அடுத்த வரைபடத்தை எடுத்து வந்தேன். நினைவிருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. கணினி இருக்கும் மேசையில் டிரைபாடின் ஒரு கால் இடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இருள்துணி எழுதியது:

மூவரி அவர்களின் கணக்கு சரி. ஆனால் வரி நேரத்தை மாற்றி விளக்கின் குறையை மறைப்பது மருந்தாகாது என்பது என் கருத்து. மின்னிணைப்பின் அதிர்வெண் சற்றே விலகும். அதைவிட மின்னழுத்தம் விலகும். ஆறு நிமிடத்தில் ஒருமுறை அழுத்தம் தாழ்ந்தால் போதும், படத்தின் நடுவே கைவிரல் அகலத்துக்கு மங்கிய பட்டை ஒன்று உட்கார்ந்துவிடும். அதை எந்தக் கணக்காலும் அகற்ற முடியாது. பழைய டங்ஸ்டன் விளக்குகள் இந்த வகையில் மிகவும் பொல்லாதவை, ஏனெனில் அழுத்தம் குறைந்தால் ஒளி குறைவதோடு நிறமும் சிவந்துபோகும்.

ஸ்கேனிங் பேக் புழங்கிய ஸ்டூடியோக்கள் அந்தக் காலத்திலேயே உயர் அதிர்வெண் மின்சுற்று கொண்ட எச்.எம்.ஐ. எனும் வில்விளக்குகளை அல்லது குழல்விளக்குகளை நாடியது இதனால்தான். இன்று நேர்மின்னோட்டத்தில், அதாவது பேட்டரியில் ஓடும் எல்.இ.டி. விளக்கே எளிய வழி. ஒரே எச்சரிக்கை: ஒளியைக் குறைக்க வேகமாக அணைத்து ஏற்றும் முறையைப் பல எல்.இ.டி. விளக்குகள் கையாள்கின்றன. அந்த வேகம் நொடிக்குப் பல ஆயிரம் முறை என்றால் தொல்லை இல்லை, சில நூறு என்றால் மறுபடியும் பட்டைதான். எனவே விளக்கை முழு ஒளியில் வைத்து, தூரத்தை மாற்றி ஒளியைச் சரிசெய்யுங்கள். ஃபிளாஷ் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே சொல்கிறேன், அது ஒரு சில வரிகளுக்கு மட்டுமே ஒளி தரும்.

தொலைவிலிருந்து எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு என்று நேராகவே கேட்கிறேன். ஃபேஸ் ஒன் நிறுவனத்தின் ஐ.க்யூ.4, 2018இலேயே 14,204 × 10,652 பிக்சல்களை ஒரே சொடுக்கில் எடுத்துவிட்டது. ஃபிலிம் அளவில் சென்சாரை நகர்த்தாமல், சென்சாரைப் பிக்சல் அளவில் நகர்த்திப் பல படங்களை ஒன்றாக்கும் வசதியால் ஹாசல்பிளாட் எச்6டி-400சி 40 கோடிப் பிக்சல் தருகிறது. ஃபுஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ்100 கேமராவுக்கு 2020இல் அதே வசதி மென்பொருள் வழியாகவே வந்து சேர்ந்தது. பின்னால் சொன்ன இந்த இரண்டிலும், பல படங்களை ஒன்றாக்கும்போது நிறத்தை ஊகிக்கும் வேலை இல்லை. ஃபிளாஷும் பயன்படுத்தலாம்.

வரைபடத்தின் உடல்நலத்தையும் எண்ணிப் பாருங்கள். எஃப்/22இல் 1/30 நொடி என்றால் தாளின் மேல் பல ஆயிரம் லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியின் அலகு) ஒளி விழ வேண்டும். 9000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஆறு நிமிடத்துக்கு 900 லக்ஸ்-மணி. ஒளிக்கு நொந்துபோகும் தாள்களை அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் ஒளியில் வைப்பது வழக்கம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 400 லக்ஸ்-மணி. அதாவது உங்கள் ஒரு படம், இரண்டு நாள் காட்சிக்கு வைத்ததற்கும் மேலாகிறது. ஒத்திகை ஸ்கேன்கள் தனி.

மூவரி எழுதியது:

உங்கள் ஒளிக்கணக்கை ஏற்கிறேன். நாலுக்கைந்து அவர்கள் குவியம் (ஃபோகஸ்) பார்க்கும்போதும் சட்டகம் கட்டும்போதும் வரைபடத்தை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள வேறொரு தாளை வைத்துக்கொள்வது நல்லது. மூலத்தை வைப்பது கடைசி ஸ்கேனுக்கு மட்டும் என்றிருக்கட்டும்.

மற்றதில் எனக்கு மாறுபாடு உண்டு. நீங்கள் சொன்ன கருவிகள் யாவும் சிறந்தவை. விலையும் அதற்குத் தக்கது. ஏற்கெனவே 4×5 கேமராவும் லென்ஸும் வைத்திருப்பவர் 8 கோடியே 50 லட்சம் பிக்சல்களை, ஒவ்வொன்றிலும் மூன்று நிறமும் உண்மையாக அளக்கப்பட்ட நிலையில், பழைய பொருளின் விலைக்குப் பெறுகிறார். பெட்டர் லைட் நிறுவனத்தின் சூப்பர் 10கே ஸ்கேனிங் பேக் 10,200 × 13,600 பிக்சல்களை எடுத்தது. ஃபேஸ் ஒன் பவர்ஃபேஸ் எஃப்எக்ஸ் 10,500 × 12,600. எண்ணிக்கையில் இவை இன்றைய பெரிய சென்சார்களுக்கு அருகில் நிற்கின்றன. பிக்சல் பெரிது என்பதால் லென்ஸின் மீது விழும் சுமையும் குறைவு: 9 மைக்ரான் பிக்சலுக்குப் போதுமான பழைய லென்ஸ், 3.76 மைக்ரான் பிக்சலுக்கு முன்னால் தடுமாறும்.

உங்கள் பக்கம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் சொல்லவில்லை. உதிரி உறுப்பு கிடைக்காது. இவற்றில் பலவற்றின் மூவரி சென்சார்கள் கோடாக் தயாரித்தவை. கோடாக் தன் சென்சார் பிரிவை 2011இல் விற்றது. அது 2014இல் ஆன் செமிகண்டக்டரின் கைக்குப் போனது. சென்சார் போனால் பேக் போயிற்று. சென்சாருக்கு முன்பே பெரும்பாலும் போவது அதனோடு பேசும் பழைய கணினியும் கேபிளும்தான். ஸ்கஸி எனும் பழைய வகைக் கணினி இணைப்பு உள்ள பேக்கை வாங்குபவர், அதனோடு ஓடும் நிலையில் உள்ள கணினியையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும்.

தொலைவிலிருந்து எழுதியது:

லென்ஸ் பற்றிய உங்கள் கருத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் எஃப்/22 வைத்துக்கொண்டு பிக்சல் எண்ணிக்கை பேசுவது எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது.

மங்கல்கண்ணாடி எழுதியது:

அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு, எனவே அதையும் பேசிவிடுவோம். துளை சிறுக்கச் சிறுக்க ஒளி வளைந்து, ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டாக விரிகிறது. பச்சை ஒளிக்கு அந்த வட்டின் விட்டம் எஃப்/22இல் ஏறத்தாழ 30 மைக்ரான், எஃப்/16இல் 21, எஃப்/11இல் 15. 9 மைக்ரான் பிக்சலுக்கு எஃப்/22 என்றால் ஒரு புள்ளி மூன்று பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. ஃபிலிம்காரர்களுக்கு எஃப்/22 கைப்பழக்கம். தட்டையான வரைபடத்துக்கு அந்தப் பழக்கம் தேவையில்லை, எஃப்/11 போதும்.

ஆனால் துளையைத் திறந்தால் குவியத்தில் பிழைக்க இடமில்லை. 18 மைக்ரான் மங்கலைப் பொறுத்துக்கொள்வதாக வைத்தாலும், எஃப்/11இல் சென்சார் முன்னும் பின்னும் 0.2 மி.மீ. அளவுக்குத்தான் விலகலாம். 4×5 ஹோல்டரில் ஃபிலிம் உட்காரும் ஆழம் 5 மி.மீ. அளவு. கிரவுண்ட் கிளாஸ் (கேமராவின் பின்னால் பிம்பத்தைப் பார்க்கும் மங்கல் கண்ணாடி), ஹோல்டர், பேக் மூன்றும் அந்த ஆழத்தில் சரியாக ஒத்துப்போகும் என்று நம்பிவிடக் கூடாது. நான் என் கேமராவின் கிரவுண்ட் கிளாஸில் லூப் (உருப்பெருக்கி) வைத்துக் கண் வலிக்கும்வரை குவித்து, மூன்று மாதம் மங்கலான படங்களையே எடுத்தேன். யாரோ ஒருவர் முன்பு அந்தக் கண்ணாடியை மாற்றியபோது கீழே ஒரு மெல்லிய தகட்டை வைக்க மறந்திருந்தார். அன்றிலிருந்து கிரவுண்ட் கிளாஸ் எனக்குச் சட்டகம் கட்டுவதற்கு மட்டும்தான். குவியத்தை, நடுவிலும் நான்கு மூலையிலும் சிறு பகுதிகளை ஸ்கேன் செய்து, அந்தப் படத்தைப் பார்த்தே முடிவு செய்கிறேன். மூலைகள் ஒத்துவராவிட்டால் கேமராவில் லென்ஸைத் தாங்கும் முன் நிலையும் பேக்கைத் தாங்கும் பின் நிலையும் இணையாக இல்லை என்று பொருள். வரைபடத்தின் இடத்தில் சிறு கண்ணாடி ஒன்றை ஒட்டி, அதில் லென்ஸின் பிம்பம் கிரவுண்ட் கிளாஸின் நடுவில் விழும்வரை கேமராவை நகர்த்தினால், இணைநிலையில் பாதி வேலை முடிந்துவிடும்.

நெளிவைப் பற்றியும் ஒரு சொல். ஸ்கேன் ஓடும் திசையில் உள்ள கோடுகள்தாம் நெளியும். அதற்குக் குறுக்கே உள்ள கோடுகள் நேராகவே தெரியும், ஆனால் அசைவு ஸ்கேன் திசையிலேயே இருந்தால் அவற்றின் இடைவெளி சுருங்கியோ விரிந்தோ போயிருக்கும். கண்ணுக்கு அது தெரிவதில்லை. நிலவரைபடத்தில் பிற்பாடு யாராவது தூரம் அளக்கப்போகிறார்கள் என்றால் அந்தத் தெரியாத பிழைதான் ஆபத்தானது. எனவே வரைபடத்தின் இரு ஓரங்களிலும் அளவுகோல் ஒன்றை வைத்தே படமெடுங்கள். பேக்கைச் செருகியபின் கேமராவின் பின்புறம் கனக்கும். பின் நிலைக்கு அடியில் தனித் தாங்கல் ஒன்று கொடுங்கள். கேபிள் தொங்கி இழுக்காதபடி டிரைபாடில் கட்டிவிடுங்கள். ஸ்கேனைத் தொடங்கியபின் நாற்காலியிலிருந்து எழாதீர்கள்.

நாலுக்கைந்து எழுதியது:

எஃப்/22இலிருந்து எஃப்/11க்கு வந்தால் ஒளி நான்கு மடங்கு ஆகிறது. 1/30இலிருந்து 1/100க்குப் போனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, பட்டையும் நீங்கி, ஸ்கேனும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்திருக்கும். ஆனால் என் பேக்கின் பட்டியலில் 1/80க்கு அடுத்தது 1/120. செய்தவர்கள் 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காரர்கள் போலும். 1/20 இருக்கிறது, அதை வைத்தால் ஆறு மடங்கு ஒளி மிகுதியாகிறது, ஸ்கேனும் ஒன்பது நிமிடம் ஆகிறது.

இருள்துணி எழுதியது:

விளக்குகளை இரண்டரை மடங்கு தூரத்துக்குத் தள்ளுங்கள். ஒளி ஆறில் ஒரு பங்காகும். வரைபடத்தின் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடும் தானாகவே குறையும். தொலைவிலிருந்து அவர்கள் கவலைப்பட்ட லக்ஸ்-மணியும் குறைகிறது, ஏனெனில் ஒளி ஆறில் ஒன்று, நேரம் மட்டும் ஒன்றரை மடங்கு. அதற்குள் பேட்டரி விளக்கு கிடைத்துவிட்டால் எந்த வரி நேரத்தையும் அச்சமின்றி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கூடுதல் குறிப்பு. சி.சி.டி. சென்சாருக்கு அகச்சிவப்புக் கதிரும் தெரியும். ஸ்கேனிங் பேக்குகள் பலவற்றில் அதைத் தடுக்கும் வடிகட்டி உள்ளே இல்லை. லென்ஸின் முன்னால் நாம்தான் மாட்ட வேண்டும். வெள்ளை எல்.இ.டி. விளக்கில் அந்தக் கதிர் மிகக் குறைவு என்பதால் உங்களுக்குத் தொல்லை தெரிந்திராது. டங்ஸ்டன் விளக்கிலோ வெயிலிலோ எடுத்தால் கறுப்புச் செயற்கைத்துணி செம்பழுப்பாகத் தெரியும். அகலக்கோண லென்ஸில் அந்த வடிகட்டியை மாட்டினால் மூலைகள் நீலப்பச்சையாகும், ஏனெனில் சாய்ந்து வரும் கதிருக்கு வடிகட்டி சிவப்பையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது.

மூவரி எழுதியது:

மூன்றாவது குறை பேசப்படாமலே நிற்கிறது. நிற விளிம்பு மூன்று வகையில் வரும். மூன்று வரிசைகளையும் மென்பொருள் சரியாகப் பொருத்தாவிட்டால், படம் முழுவதும் ஒரே அளவில், ஸ்கேன் திசையில் மட்டும் வரும். பொருளோ கேமராவோ அசைந்தால் அசைந்த இடத்தில் மட்டும் வரும். லென்ஸ் சிவப்பையும் நீலத்தையும் சற்றே வெவ்வேறு அளவில் பெரிதாக்கினால், லென்ஸின் மையத்திலிருந்து விலக விலக ஆரத்தின் திசையில் மிகும். உங்களுக்கு மேல் விளிம்பில் மிகுதி, கீழே இல்லை. லென்ஸை மேலே ஏற்றி வைத்திருந்தீர்களா?

நாலுக்கைந்து எழுதியது:

ஆம். டிரைபாட் தாழ்வாக இருந்ததால் முன் நிலையை 25 மி.மீ. ஏற்றியே சட்டகம் கட்டினேன்.

மூவரி எழுதியது:

அதுதான். லென்ஸின் மையம் வரைபடத்தின் நடுவில் இல்லாமல் ஓரமாகப் போய்விட்டது. எதிர் விளிம்பு மையத்திலிருந்து மிகத் தள்ளி நிற்கிறது. கேமராவையே உயர்த்திவிட்டு ஏற்றத்தை நீக்குங்கள். அப்போதும் நான்கு மூலையிலும் சிறிது எஞ்சும், ஆனால் சமமாக எஞ்சும். ஒவ்வொரு நிறமும் முழுமையாக அளக்கப்பட்டிருப்பதால், சிவப்பு, நீலப் படலங்களைத் துளியளவு பெரிதாக்கியோ சிறிதாக்கியோ பச்சையின்மேல் பொருத்திவிடலாம். ஊகித்து நிரப்பிய படத்தில் இந்த வேலை இவ்வளவு துல்லியமாக ஒத்துவராது.

பழம்பெட்டி எழுதியது:

பேக் வாங்க வசதியில்லாதவன் நான். தட்டை ஸ்கேனர் ஒன்றைப் பிரித்து 8×10 கேமராவின் பின்னால் பொருத்தி வைத்திருக்கிறேன். இதைப் படிக்கும் யாராவது முயலக்கூடும் என்பதால் எழுதுகிறேன். மெலிந்த வகை ஸ்கேனர்களில் சென்சாருக்கு முன்னால் நுண்ணிய தண்டு லென்ஸ்களின் வரிசை ஒன்று இருக்கும். அது கண்ணாடியின் மேல் கிடக்கும் தாளை மட்டுமே பார்க்கும். அதைக் கழற்றிவிட்டால் சென்சார் வெறுமையாகி, பெரிய லென்ஸ் விழுத்தும் பிம்பத்தை நேராக வாங்கும். அங்குலத்துக்கு 1200 என்ற அளவில் 8×10 முழுவதையும் வருடினால் 9600 × 12,000 பிக்சல் கிடைக்கிறது.

துன்பங்களும் உண்டு. இவ்வகை ஸ்கேனரில் நிறத்தை அறிவது சென்சார் அல்ல. சிவப்பு, பச்சை, நீல விளக்குகளை அதுவே மாறி மாறி ஏற்றித்தான் நிறம் எடுக்கிறது. விளக்கை அணைத்தால் எஞ்சுவது கறுப்பு வெள்ளை. நிறம் வேண்டுமென்றால் லென்ஸின் முன் மூன்று வடிகட்டிகளை மாற்றி மூன்று முறை வருட வேண்டும். தொடக்கத்தில் வெள்ளைப் பட்டை ஒன்றைப் பார்த்து ஸ்கேனர் தன்னைச் சரிசெய்துகொள்ளும். விளக்கை அதற்கு முன்பே அணைத்துவிட்டால் குழம்பிப்போகும். சென்சார் பல சில்லுகளை வரிசையாக ஒட்டிச் செய்தது என்பதால் ஒட்டுமிடங்களில் நீளக்கோடுகள் விழும். கணினி தரவை வாங்கத் தாமதித்தால் ஸ்கேனர் நின்று, பின்வாங்கி, மறுபடி ஓடும். அந்த இடத்தில் தையல் தெரியும். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் படம் என்னவோ எனக்குப் பிடித்திருக்கிறது.

கரையோரம் எழுதியது:

அசைவு குறை என்றே எல்லோரும் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். நான் வெளியில், நீர்நிலைகளில் ஸ்கேனிங் பேக்கைப் பயன்படுத்துகிறேன். ஸ்டீஃபன் ஜான்சன் 1994இல் தொடங்கி அமெரிக்கத் தேசியப் பூங்காக்களை இவ்வகைப் பேக்கிலேயே எடுத்தவர். நிலக்காட்சிக்கு இது ஆகாது என்பவர்களுக்கு அவர் படங்களே விடை. பாறையும் மணலும் அசையாமல் நிற்க, அலையில் மட்டும் சிவப்பும் பச்சையும் நீலமும் இழை இழையாகப் பிரிந்து கிடக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று வடிகட்டிகள் வழியாக அடுத்தடுத்து எடுத்து வண்ணப்படம் செய்த ரஷ்யப் புகைப்படக்காரர் புரோகுதின்-கோர்ஸ்கியின் ஆற்றுப் படங்களிலும் நீர் இப்படித்தான் நிறம் பிரிந்து கிடக்கிறது. வேண்டாதவர்கள் நீர்ப்பகுதியில் மட்டும் நிறத்தை நீக்கிவிடலாம், நான் நீக்குவதில்லை.

வெளியில் எனக்கு உள்ள பெருந்தொல்லை அலையல்ல, மேகம். நான்கு நிமிடத்தில் ஒரு மேகத்துண்டு சூரியனை மறைத்து விலகினால் படத்தின் மூன்றில் ஒரு பங்கு இருண்டுவிடும். கேமராவின் பெல்லோஸ் (லென்ஸுக்கும் பின்புறத்துக்கும் நடுவே உள்ள மடிப்புத் துருத்தி) காற்றில் பாய்மரம் போலப் புடைக்கும். எனவே காற்றில்லாத, முழுவதும் வெளுத்த அல்லது முழுவதும் மூடிய வானத்துக்காகக் காத்திருப்பதே என் வேலையில் பாதி. ஒரு வசதியையும் சொல்ல வேண்டும்: ஷட்டர் தேவையில்லை என்பதால், ஷட்டர் இல்லாத பழைய பித்தளை லென்ஸ்களை மூடியை மட்டும் கழற்றி வைத்துப் பயன்படுத்த முடிகிறது.

தொலைவிலிருந்து எழுதியது:

மேகம் விலகும்வரை காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவசரமில்லாத தட்டையான பொருளுக்கு, கையில் ஏற்கெனவே கேமரா இருப்பவருக்கு, இது பொருந்தும். நாளுக்கு நூறு தாள் எடுக்க வேண்டிய இடத்துக்குப் பொருந்தாது. அவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

நாலுக்கைந்து எழுதியது:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். டிரைபாடை உயர்த்தி, லென்ஸ் ஏற்றத்தை நீக்கி, மேசையை விலக்கி, பின் நிலைக்கு அடியில் தாங்கல் கொடுத்தேன். விளக்குகளைத் தூரமாக்கி, எஃப்/11, 1/20 நொடி வைத்தேன். மூன்று வரிப்பட்டை முழுவதும் மறைந்துவிட்டது. தொடக்கத்தில் பத்து நொடி தாமதித்து ஓடும்படி வைத்ததால் முதல் வரிகளில் நெளிவு இல்லை. குவியத்தைச் சிறு ஸ்கேன்கள் வழியாகவே பார்த்தேன். கிரவுண்ட் கிளாஸ் காட்டியதற்கும் அதற்கும் அரை மி.மீ. வேறுபாடு இருந்தது. எஃப்/22 இத்தனை நாளும் அந்தப் பிழையை ஓரளவு மூடி மறைத்திருக்கிறது. இப்போது வரைபடத்தின் ஓரத்தில் உள்ள மிகச் சிறிய எழுத்தும் பிரிந்து தெரிகிறது.

ஒன்று மட்டும் புதிதாக வந்திருக்கிறது. 8100ஆம் வரியிலிருந்து 8300 வரை ஒரு மங்கிய வெளிச்சப் பட்டை, நீலச்சாயலோடு. 8100ஐ 20ஆல் வகுத்தால் 405 நொடி, ஆறே முக்கால் நிமிடம். நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

மூவரி எழுதியது:

200 வரி என்றால் பத்து நொடி. நீலச்சாயல் என்றால் பகல் வெளிச்சம். நீங்கள் எழவில்லை, அறைக் கதவைத் திறந்து உங்களைத் தேடி வேறு யாராவது எட்டிப் பார்த்தார்களா?

நாலுக்கைந்து எழுதியது:

பார்த்தார்கள். இன்னும் முடியவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.